கன்னத்தில் கண் வைத்த ஜீப்

புது லாண்ட்றோவர் திருகோணமலைக்கு வந்த கிழமையே அதற்குத் தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர்கூட அதற்குள் ஏறிப் பார்த்ததில்லை. கொழும்பிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தவன் குலசிங்கம். தீர்ப்புக்கு முன் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

குளங்களையும் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்ளும் ஒரு அரச திணைக்களத்தில் அவன் சாரதி. அதே திணைக்களத்தின் பழைய லாண்ட்றோவரைக் காடு மேடெல்லாம் ஓட்டித் தேய்த்து, கடைசியில் அது திணைக்கள வாகன யாட்டின் மூலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் அதன் மூக்கில் ஒரு தரம் தட்டிவிட்டு வந்தவன். அந்த வாகனத்தில் அவனுக்கு அவ்வளவு பற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவனுக்கு ஒரு இடம் கிடைத்ததும் அதனால்தான்.

உட்துறைமுக வீதியில் சரீப்பின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், ஞாயிறு காலையில், மூன்று நான்கு பழைய லாண்ட்றோவர்கள் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். கிண்ணியா மரவியாபாரி முத்தலிப்புடையதுதான் அவற்றில் தலையானது. வெள்ளைக்காரனின் கடற்படை தளத்தை விட்டுப் போன வருஷம் ஏலத்தில் எடுத்தது. கிண்ணியாத் துறையில் 'பாதை' என்னும் மிதவையை விடுபவன் எந்த லொறியைக் காக்க வைத்தாலும் முத்தலிப்பின் ஜீப்பை முதலில் ஏற்றி இக்கரை சேர்த்துவிடுவான். தம்பலகாமத்து நெல் ஆலைக்காரர் அருளம்பலத்துடையது அடுத்தது. இன்னும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், போவார்கள். சொந்தமாக ஜீப் இல்லாமல் கடை வாசல் மர வாங்கில் உட்கார்ந்தவன் குலசிங்கம் ஒருவன்தான்.

சில்லுக்குள் எண்ணெய் கசிவதைப் பற்றி மட்டும் ஒரு காலை முழுதும் கதைக்கக்கூடியவர்கள் அவர்கள். வெருகல் திருவிழாக் காலத்தில் எல்லோரும் சேர்ந்து புறப்பட்டுப் போவார்கள். "கோயில் உங்கட, ஆறு என்ட" என்பார் முத்தலிப். மற்றவர்கள் முருகனைக் கும்பிட்டு வரும்வரைக்கும் அவர் ஜீப்பை ஆற்றுக்குள் இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார். பிறகு ஜீப்பின் முகத்தில் இருக்கும் இரும்பு வலையைக் கழற்றி, கல்லடுக்கி நெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் சுடுவார்கள்.

புது ஜீப்பைக் குலசிங்கம் முதன்முதலாகக் கடையடிக்குக் கொண்டுவந்தபோது, கூட வந்த திணைக்கள என்ஜினியர் இறங்கித் துறைமுகத்துக்குள் போயிருந்தார். கூட்டம் எழுந்து வந்து சுற்றி நின்றது. பழையதில் மூக்கின் இரு பக்கமும் வலைக்குள் நெருங்கியிருந்த விளக்குகள், இதில் மட்கார்ட்டுக்குத் தள்ளிப் போயிருந்தன.

"கண்ணைக் கொண்டுபோய்க் கன்னத்தில வைச்சிரிக்கான்" என்றார் முத்தலிப்.

அருளம்பலம் தன் ஜீப்பின் திறப்பால் முகத்து வலையைத் தட்டிப் பார்த்தார். சத்தம் வேறாக இருந்தது. "பிளாஸ்டிக்!"

"இதில மீன் சுட்டா மீனோட சேந்து மூஞ்சையும் உருகிடும்" என்றார் முத்தலிப்.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அருளம்பலம் உள்ளே எட்டிப் பார்த்தார். "முந்தி மீற்றர் நடுவில இருந்தது. எல்லாருக்கும் தெரியும். இப்ப சாரதிக்கு மட்டும் தெரியிற மாதிரி ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

"கியர் எப்பிடி?" என்று கடைக்குள்ளிருந்து சரீப் கேட்டான்.

எல்லோரும் குலசிங்கத்தைப் பார்த்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் நின்றான்.

"உயிரில்லை" என்றான். "கையில ஒண்டும் தெரியாது. செத்த பிணத்துக்குக் கை குடுத்த மாதிரி."

முத்தலிப் அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்கு இனித்தது.

சொன்னது பொய். பழைய ஜீப்பில் ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தரம் மிதித்து மிதித்து அவனுடைய இடது முழங்கால் நாசமாகியிருந்தது. கொழும்பிலிருந்து வரும்போது ஹபரணை தாண்டிய பிறகுதான், இவ்வளவு தூரம் ஓட்டியும் கால் வலிக்கவில்லையே என்று அவனுக்கு உறைத்தது. காட்டு ரோட்டில் தனியே சிரித்துக்கொண்டு வந்தான். அன்புவழிபுரத்து வீட்டில் அதை மனைவி இராசமலரிடம் மட்டும் சொன்னான்.

"அப்ப அதை அவையளிட்டயும் சொல்லுங்கோவன்" என்றாள் அவள்.

"சொன்னால் பிறகு அந்த வாங்கில இருக்கேலாது."

"வாங்குதானே? அன்புவழிபுரத்தில வாங்கில்லையோ?"

அவளுக்கு விளங்காது என்று நினைத்தான். அவனுடைய தகப்பன் நிலாவெளியில் கரைவலை இழுத்தவர். ஆலைக்காரரும் மரவியாபாரியும் தோள் உரச இடம் விட்டு, "குலம், நீ சொல்லு" என்று கேட்பது அந்த ஒரு வாங்கில் மட்டும்தான்.

மாதங்கள் போக ஏளனம் ஒரு மார்க்கம் மாதிரி ஆகிவிட்டது. வேறு திணைக்களங்களுக்கும் புது ஜீப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் கடையைக் கடக்கும்போது முத்தலிப் எழுந்து நின்று துப்புவார். அருளம்பலம்தான் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார்: "எதுக்கும் ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டுக் கதைப்பமே?"

"ஓட்டத் தேவல்ல. பழசையும் புதுசையும் பக்கத்தில விட்டுப் பாப்பம்" என்றார் முத்தலிப். "இறக்கக்கண்டி முகத்துவாரம். இஞ்சால இறங்கி, அங்கால ஏறி, திரும்பி வாறது. குலம், நீ புதுசைக் கொண்டா."

"அது கவர்மெண்ட் வாகனம் நானா. ஏலாது."

முத்தலிப் சத்தம் போடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ எங்கட ஆளா, அந்தப் பிளாஸ்டிக்கிர ஆளா?"

வாங்கில் இருந்த எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். "கொண்டு வாறன்" என்றான்.

என்ஜினியர் லீவில் கொழும்புக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. ஜீப்பின் திறப்பு குலசிங்கத்தின் பொறுப்பில்தான் இருந்தது. யாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு நிலாவெளி ரோட்டால் வந்தான்.

கடல் வற்றிய நேரம். முகத்துவாரத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கும் குறைவு. ஆனால் அடியில் இளகிய மணல். முத்தலிப் முதலில் இறங்கினார். பழைய ஜீப் உறுமிக்கொண்டு, தண்ணீரை இரு பக்கமும் பிளந்துகொண்டு அக்கரை ஏறி, திரும்பி வந்து, கரையில் நின்று ஆவி விட்டது. கரைவலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

குலசிங்கம் கியருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் குமிழ் வைத்த சின்னக் கம்பியைப் பின்னால் இழுத்தான். அதை இழுத்தால்தான் நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும். முன்னால் தள்ளிவிட்டால் பின் சில்லு இரண்டு மட்டும்தான். இறங்கினான். மணல் எங்கே இறுகல், எங்கே இளகல் என்று தகப்பனோடு வலை இழுத்த நாளிலேயே அவன் காலுக்குத் தெரியும். ஜீப் சத்தம்கூடப் பெரிதாகப் போடாமல், வண்டில் மாடு தண்ணீரில் நடப்பதுபோல நடந்து அக்கரை ஏறியது. அவனுக்குள் ஏதோ பொங்கியது. ஜீப்பின் முன்பலகையில் கையால் ஒரு குத்துக் குத்தி, "என்ர ராசா!" என்றான்.

திருப்பி நிறுத்தி இக்கரையைப் பார்த்தான்.

அங்கே யாரும் கைதட்டவில்லை. அருளம்பலம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முத்தலிப் தன் ஜீப்பில் ஒரு கையை ஊன்றியபடி நின்றார். இழவுச் செய்தி கேட்ட முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு குலசிங்கம் அக்கரையில் தனியே இருந்தான். வென்றுவிட்டுத் திரும்பிப் போனால் அந்த வாங்கில் யார் பக்கத்தில் போய் உட்காருவது?

சிவப்புக் கம்பியை முன்னால் தள்ளினான்.

நடுவில் வந்ததும் பின்சில்லுகள் மணலைத் தோண்டத் தொடங்கின. அவன் அக்சிலேற்றரை இன்னும் மிதித்தான். பின்பக்கம் இறங்கியது. இக்கரையில் கூச்சல் வானத்தைத் தொட்டது. யாரோ விசிலடித்தான். முத்தலிப்பின் சிரிப்பு மற்றெல்லாச் சத்தத்துக்கும் மேலாகக் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் குலசிங்கத்துக்கு நெஞ்சில் ஒரு நிம்மதிகூட வந்தது.

ஆனால் அவர்கள் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. சங்கிலியைத் தேடி எடுக்க இன்னும் நேரம் பிடித்தது. அதற்குள் வற்றிய கடல் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் கதவுக்குக் கீழால் வந்து, ஆசனத்துக்கு ஏறியது. என்ஜின் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது.

முத்தலிப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கிலியோடு வந்தார். கதவுக்குள் எட்டிப் பார்த்தவரின் கண் சிவப்புக் குமிழில் விழுந்தது. கை அப்படியே நின்றது. குமிழைப் பார்த்தார். பிறகு குலசிங்கத்தைப் பார்த்தார். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சங்கிலியைக் கொளுவப் போனார். கண்டுவிட்டார், விளங்கிக்கொண்டார் என்று குலசிங்கம் நினைத்தான். உப்புத் தண்ணீருக்குள் இருந்தபடியே அவன் சிரித்தான்.

கரைக்கு இழுத்த பிறகு அவன் கேட்டது ஒன்றுதான். "நானா, ரவுணுக்குள்ளால வேண்டாம். உப்புவெளியில உள்பாதையால திருப்பி தெரிஞ்ச கராஜ் ஒண்டுக்குக் கொண்டு போவம். நாளைக்கிடையில காய வைச்சு எடுத்துப்போடலாம்."

"ஓம் ஓம்" என்றார் முத்தலிப்.

உப்புவெளி வந்தது. பழைய ஜீப் திரும்பவில்லை. குலசிங்கம் செத்த வாகனத்தின் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி கத்தினான். முன்னால் இருந்தவர் காதில் விழவில்லையோ, விழுந்ததோ. ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். பஸ் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை எல்லாம் ஹோர்ன் சத்தத்தோடு கடந்து போயின. ஜனங்கள் கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன நானா, புதுசு மௌத்தாகிட்டா?" என்று சாவு விசாரிப்பதுபோல ஒருவன் கேட்டான். முத்தலிப் கையை வெளியே நீட்டிப் பின்னால் சுட்டிக் காட்டிச் சிரித்தார். சந்தை வாசலில் மரக்கறிப் பையோடு நின்ற திணைக்களத்து எழுதுவினைஞர், இழுபட்டுப் போகும் ஜீப்பின் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்தவனைப் பார்த்தார். குலசிங்கத்துக்கு முகத்தைத் திருப்ப இடமிருக்கவில்லை.

திணைக்களத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் குலசிங்கம் பாதையேறிக் கிண்ணியாவுக்குப் போய் முத்தலிப்பின் மரக்காலையில் நின்றான்.

"நீங்கள் வந்து, நான் கேட்டுத்தான் அவன் கொண்டு வந்தவன் எண்டு ஒரு வார்த்தை சொன்னால் காணும் நானா."

"நான் கவர்மெண்டுக்கு மரம் குடுக்கிற ஆள், குலம். உன்ட பிரச்சினைக்குள்ள என்னை இழுக்காத."

"நான் வேணுமெண்டுதானே புதைச்சனான். அந்தச் சிவப்புக் கம்பியை நீங்கள் கண்டனீங்கள்தானே?"

முத்தலிப் ஒரு பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன கம்பி?" என்றார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி றஹ்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். குலசிங்கம் அதைக் குடித்துவிட்டுத்தான் திரும்பினான். மரியாதை கெட்டு நடக்க அவனுக்குத் தெரியாது.

சாரதி வேலை போயிற்று. சம்பளமில்லாத ஒரு வருஷம் இராசமலர் தையல் மெசினில் குனிந்திருந்தாள். ஒரு நாளும் வாங்கைப் பற்றிக் குத்திக் கதைக்கவில்லை. அவள் கதைத்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு என்ஜினியர் இரக்கப்பட்டு அதே யாட்டின் கேற்றில் காவலாளியாகப் போட்டார். கடையடியில் இறக்கக்கண்டிக் கதை வளர்ந்துகொண்டே போனது. குலசிங்கம் மாதிரி ஒரு சாரதி ஓட்டியும் புதுசு கரையேறவில்லை என்பது அதன் சாரம். அவனுடைய திறமையையே புதுசுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். அவன் அந்தப் பக்கம் போவதை விட்டான்.

அந்த ஜீப்பைக் கழற்றிக் கழுவிப் பூட்டி வேறொருவன் ஓட்டினான். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு அது அரிசி மூட்டையோடு வெருகலுக்குப் போய்ப் போய் வந்தது. கழுத்தளவு சேற்றோடு வரும். குலசிங்கம் கேற்றைத் திறந்துவிடுவான்.

அதற்கிடையில் ஆட்சி மாறி, வெளிநாட்டுச் சாமான் வரும் கதவு திறந்திருந்தது. சூறாவளிக்கு அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் யாட்டு வாசலில் ஒரு புத்தம் புது லாண்ட்றோவர் வந்து நின்றது. கன்னத்தில் கண், பிளாஸ்டிக் முகம். பூமாலை இன்னும் வாடவில்லை. உள்ளே முத்தலிப். தாடி நரைத்திருந்தது.

"குலம்! இஞ்சயா இரிக்காய்? பாரு, எடுத்திட்டன். பழசைத் தள்ளிப்போட்டன்." ஸ்ரேறிங்கைத் தடவினார். "கியர் வெண்ணெயில கத்தி போற மாதிரி. முழங்காலுக்கு ஒரு நோவில்ல. அருளம்பலமும் ஒண்டுக்குச் சொல்லி வைச்சிரிக்கார்."

குலசிங்கம் கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"இவ்வளவு நல்ல வாகனமெண்டு நீ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் முத்தலிப். குற்றம் சாட்டும் குரல்கூட இல்லை, உண்மையான வியப்பு. "எத்தின வருஷம் வீணாப் போச்சு எங்களுக்கு!"

"சொல்லியிருந்தால் என்னைப் பக்கத்தில இருத்தியிருப்பீங்களோ நானா?"

முத்தலிப்புக்குக் கேள்வி பிடிபடவில்லை. அல்லது பிடிபட்டதைக் காட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை கடையடிக்கு வா. மணலுக்க இறக்கிற வித்தை உனக்குத்தான் தெரியும். எங்கட ஆக்களுக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டு."

"நான் இப்ப ஓட்டுறேல்லை."

"அதுக்கென்ன, வா. எல்லாரும் உன்னைத்தான் கேக்கிறாங்க."

வெளி வாகனம் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். குலசிங்கம் அதைக் கேட்டான். முத்தலிப் சிரித்தார். விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார். குலசிங்கம் சிரிக்கவில்லை, கேற்றையும் திறக்கவில்லை. பிறகு கந்தோர் விறாந்தையிலிருந்து புது என்ஜினியர், மரம் வாங்கும் ரெண்டர் கடதாசிக்காகக் காத்திருந்தவர், கையசைத்துக் கூப்பிட்டார். "ஏய் வொச்சர், அவரை விடு."

குலசிங்கம் கேற்றைத் திறந்தான். ஜீப் அவனைக் கடந்து உள்ளே போனது. கியர் மாறிய சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை. அந்த வகை அப்படித்தான், நல்ல வாகனம். அவன் கேற்றைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு வெயிலில் நின்றான்.