இறக்கையும் இறக்கும்

ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட இரும்புக் கட்டில்களை அள்ளிக்கொண்டுபோய் அவள் ஒரு பறவை செய்திருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பிகள் கால்களாயின. சக்கர நாற்காலியின் சிறு சக்கரம் கண்ணாயிற்று. கட்டில் சட்டங்கள் இரண்டு பக்கமும் விரிந்து இறக்கைகளாயின. ஊரெல்லாம் அவளைச் சிற்பி என்றாலும், மாமியார் மட்டும் மருமகள் இரும்பு பொறுக்குகிறாள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வார்.

சிலை வைக்கக் கேட்டது ஆஸ்பத்திரிக் கமிட்டி. ஆனால் அவள் செய்தது மிலிட்டரி சிஸ்டருக்காக. நோயாளிகள் வைத்த பெயர் அது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அவள் கணவனை, நட நட என்று விரட்டி, அழுதால் அழவிட்டு, மறுபடி விரட்டி, நடக்க வைத்தவர் அந்த நர்ஸ்தான். வீட்டுக்குக் கிளம்பிய அன்று நன்றி சொல்லப் போனாள். சிஸ்டர் நின்று கேட்கிற ஆளில்லை, அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இன்றோடு அவருக்கு ஓய்வு. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் பறவை எழுந்து நின்றுவிட வேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மதியத்துக்குமேல் கிரேன் பறவையைத் தூக்கியது. பீடத்துக்கு நேராக வரும்போது காற்றில் லேசாகத் திரும்பி, ஒரு இறக்கை தோட்டத்துக் குட்டைச் சுவருக்கு மேலே போய்விட்டது. அவள் பதறிப்போய், "இறக்கை! இறக்கை!" என்று கத்தினாள். டிரைவர் பேச்சைத் தட்டாத மனிதர். இறக்கினார். கால்கள் பீடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. இறக்கை மட்டும் சுவரில் மோதி, மடங்கி, அதன்மேலேயே படுத்துவிட்டது.

"நீங்கதானம்மா இறக்குன்னீங்க," என்றார் டிரைவர், கீழே வந்து.

"இறக்கைன்னேன்."

அவர் மடங்கிக் கிடந்ததைப் பார்த்தார். "அதுக்கு ரெக்கைன்னு சொல்லணும்மா."

அவளும் வீட்டில் ரெக்கை என்று சொல்கிறவள்தான். மாதக்கணக்காகக் கமிட்டிக்காரர்களோடு பேசிப் பேசி நாக்கு இப்படி நாகரிகமாகிவிட்டது. வெட்டி எடுத்து நிமிர்த்திப் பற்றவைக்க நாளை ஆகிவிடும். நாளைக்கு சிஸ்டர் இருக்க மாட்டார். வெல்டிங் மெஷின் பக்கத்திலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கணவன் வந்து தோளில் கைவைத்தான்.

சிஸ்டர் பையோடு வெளியே வந்தார். முதல் வேலையாக, ஆம்புலன்ஸ் வரும் வழியில் நிற்பதற்காகக் கிரேன்காரரைத் திட்டினார். பிறகு பறவையை ஒரு சுற்றுச் சுற்றினார். மடங்கிக் கிடந்த இறக்கையில் உரிந்த பச்சைப் பெயின்டைத் தடவிப் பார்த்தார்.

"இது என் வார்டு கட்டிலாச்சே. இதுல உட்காராதீங்கன்னு எத்தனை பேரை விரட்டியிருப்பேன்," என்றார்.

சொல்லிவிட்டு, இறக்கையில் உட்கார்ந்தார். அது சுவரில் நன்றாகப் படிந்திருந்ததால் அசையவில்லை.

கணவன் அவள் காதோரம் குனிந்தான். "அத்தனை நாள் படுத்துக்கிட்டே பாத்திருக்கேன். இவங்க உட்கார்ந்து இப்பதான் பாக்குறேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது. கமிட்டித் தலைவர் வந்து, இறக்கையை எப்போது தூக்கி வைப்பீர்கள் என்று விசாரித்தார். வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி மெஷினை அணைத்தாள். சிஸ்டரிடம் போனாள். இந்தத் தடவை அவர் உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நன்றி என்று வாய்விட்டே சொன்னாள்.

சிஸ்டர் தலையாட்டினார். வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த மகன், காரைத் திருப்பி நிறுத்திவிட்டு, கிளம்பலாமா என்று கேட்டான். அவர் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கொஞ்சம் இருந்துட்டு வரேன்," என்றார்.