இரண்டாவது டேக்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. விருதுக் காலம் முடிந்ததும் பத்திரிகைகளில் போடுவார்களே, சிறந்த அனிமேஷன் குறும்படம், சிறந்த விளம்பரம், சிறந்த போஸ்டர் வடிவமைப்பு என்று வரிசையாக, அப்படி ஒன்று. பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது படித்தேன். பல்வலிக்காரனுக்கு அடுத்தவர் பரிசு வாங்குவது அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அனிமேஷனில்தான் கை வைத்தேன்:

"நத்தை தன் ஓட்டை வாடகைக்கு விட்ட அன்று நல்ல மழை. அதை வரைந்தவருக்கு அப்போது"

அதற்கு மேல் நகரவில்லை. நத்தையல்லவா. அடுத்து போஸ்டர் வடிவமைத்த பெண்ணை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவர் எழுத்துகளின் வளைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. மிஞ்சியது விளம்பரம். பட்டியலில் அதற்குக் கீழே ஒரே வரி: ஒரு முதியவரின் சிரிப்பு நடுவர்களைக் கலங்க வைத்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று போடவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

காது கேட்கும் கருவிக்கான விளம்பரம். நாற்காலியில் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அழைப்பு மணி அடிக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார், மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து போய்க் கதவைத் திறக்கிறார். சிரிக்கிறார். உடனே கம்பெனியின் பெயர் வந்துவிடும். வெளியே நிற்பது யார் என்று காட்டுவதில்லை.

இயக்கியவன் அந்த முதியவரின் மகன். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும், முட்டிதான் தகராறு. மகன் வீட்டில்தான் இருந்தார், அங்கேயேதான் படமும் எடுத்தார்கள். எடுத்து முடித்த சில மாதங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் இது மகனின் கதை அல்ல. அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், வேறொரு ஊரில் எடிட்டர். (நானும் அவளை அக்கா என்றே சொல்கிறேன். எனக்கு அப்படி ஒருத்தி இல்லாத குறை.) இந்தத் தொழிலில் ஒரு விளம்பரம் விருதுக்குத் தனியாகப் போவதில்லை. அது எப்படி உருவானது, யார் யார் உருகினார்கள் என்று சொல்லும் ஒரு சின்ன வீடியோ துணைக்குப் போகும். என்ட்ரி வீடியோ என்பார்கள்.* நடுவர்கள் அதைப் பார்த்துத்தான் கலங்குவார்கள். அக்கா அதில் கெட்டிக்காரி. விருதுக் காலம் வந்தால் அவளுக்குச் சாப்பிட நேரமிருக்காது.

(* விளம்பரத்தைவிட இந்த வீடியோவுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும் என்று சலித்துக்கொள்வார்களாம். இதுவும் என் கற்பனைதான், ஆனால் அப்படித்தான் இருக்கும்.)

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கடைசிக் காலத்தில் அக்கா ஏன் அப்பாவைப் பார்க்கப் போகவில்லை?

முதல் பிரதியில் சொத்துத் தகராறு வைத்தேன். கதைக்கு வசதியாக இருந்தது, ஆனால் அக்கா அதற்கு ஒத்துவரவில்லை. எவ்வளவு எழுதியும் அவளுக்குத் தம்பி மேல் கோபமே வரவில்லை. எடுத்துவிட்டேன். வேலை இருந்தது, அதனால் போகவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தானே போகாமல் இருக்கிறோம்.

"சீசன் முடியட்டும்ப்பா. முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்."

"நிதானமா முடிச்சுட்டு வாம்மா. நான் எங்க போகப் போறேன்."

போனில் இந்தப் பேச்சு பல தடவை நடந்தது. அடுத்த சீசனுக்கு அவர் இல்லை.

4

இந்தச் சீசனில் தம்பியின் விளம்பரத்துக்கு என்ட்ரி வீடியோ செய்யும் வேலை அக்காவிடமே வந்தது. எடுத்த காட்சிகள் அத்தனையையும், வெட்டாத ரஷ்ஷாக, அனுப்பியிருந்தான். கூடவே திரையில் போட வேண்டிய வாசகம்:

இயக்குநர் தன் தந்தையிடம் ஒரு பொய் சொன்னார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை.

என்ன பொய் என்று அவளுக்குப் புரியவில்லை. ரஷ்ஷை ஓடவிட்டாள். அப்பா நாற்காலியில் இருக்கிறார், சட்டையின் மேல் பொத்தான் போடாமல். கேமராவுக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரல் வருகிறது.

"அப்பா, அக்கா வந்திருக்கா. வெளிய நிக்கறா. பெல் அடிச்சதும் போய்த் தெறங்க."

"பெரியவளா? சீசன் முடிஞ்சுடுச்சா?"

மணி அடிக்கிறது. அந்த முட்டியோடு எவ்வளவு வேகமாக எழுந்திருக்க முடியுமோ அவ்வளவு வேகமாக எழுகிறார். கதவைத் திறக்கிறார். சிரிக்கிறார்.

ரஷ் நிற்கவில்லை. சிரிப்போடு இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். வெளியே ஒரு லைட் ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது. சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. முகத்தில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்.

அக்கா அழுதாள். அதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாய் விட்டு அழுதாள், பக்கத்து அறையில் சவுண்டு பார்ப்பவர் வந்து கதவைத் தட்டும்வரை.

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"அப்பா உன்னை நெனச்சுத்தான் சிரிச்சார். உங்கிட்ட நேர்ல சொல்ற தைரியம் எனக்கு வரல."

"அதான் எழுத்துல போட்டு ஊருக்கே சொல்றியா?"

"அப்பாவ ஏமாத்திட்டேன்க்கா. தூக்கமே வரமாட்டேங்குது" என்றான். பிறகு, "சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடணும்" என்றான்.

(இவனை என்ன செய்வது என்றே தெரியவில்லை. நல்லவனாக்கினால் பல்லிளிக்கிறது, கெட்டவனாக்கினால் நம்ப முடியவில்லை. இரண்டு வாக்கியத்தையும் அவன் மனதாரத்தான் சொன்னான்.)

5

வேலையைத் தொடங்க விளம்பரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தொழில் பழக்கம், கண் முதலில் பொருந்தாததைத்தான் பார்க்கும். விளம்பரத்தில் அப்பாவின் மேல் பொத்தான் போட்டிருந்தது.

ரஷ்ஷை மேலும் ஓட்டினாள்.

"அப்பா, கதவுல நெழல் விழுந்துடுச்சு. இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

அப்பா திரும்பி நாற்காலிக்கு வருகிறார். உட்கார்கிறார். மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். "பெரியவ வரலியா?" என்று கேட்கவே இல்லை. மணி அடிக்கிறது. எழுந்து போகிறார், திறக்கிறார், சிரிக்கிறார். அதே சிரிப்பு. கண்ணோரச் சுருக்கம்வரை அதேதான்.

ஊர் பார்த்தது இந்தச் சிரிப்பை. வெளியே யாருமில்லை என்று தெரிந்துகொண்டே, மகனின் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று சிரித்த சிரிப்பு. தம்பியோ முதல் டேக்கையே விளம்பரத்தில் வைத்ததாக நம்பிக்கொண்டிருக்கிறான். எங்கே போனாலும் அதையே சொல்லிச் சொல்லி, இரண்டாவதாக ஒன்று எடுத்ததே அவனுக்கு மறந்துவிட்டது.

6

இனி முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) அக்கா வாயைத் திறக்கவில்லை. வீடியோ போகிறது, விருது வருகிறது. "எங்கப்பாவ ஏமாத்தி வாங்குனது இது" என்று மேடையில் தம்பி உடைந்து போகிறான். அரங்கமே எழுந்து நிற்கிறது. அக்கா மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். இது சினிமாத்தனமாக இருக்கிறது, பட்டியலில் இருக்கும் அந்த ஒரு வரியும் ஏறக்குறைய இதுதான்.

(ஆ) சொல்லிவிடுகிறாள். "நீ அவர ஏமாத்தலடா. தெரிஞ்சேதான் சிரிச்சார், உனக்காக." தம்பிக்குத் தூக்கம் வரும். வாசகம் பொய்யாகிவிடும், விருது கையை விட்டுப் போகலாம். ஊர் பார்த்த சிரிப்பு அவனுக்கு, நிழல் விழுந்த சிரிப்பு அவளுக்கு. இது நியாயமாகப் படுகிறது. ஆனால் அப்பா இரண்டாவது தடவை அவள் வந்தாளா என்று கேட்கவில்லை என்பதையும் அவள் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

(இ) அக்கா இரண்டு சிரிப்பையும் அருகருகே வைத்து, அழிக்கும் பட்டன் மேல்

இல்லை. அவள் அதைச் செய்யமாட்டாள்.

நானும் அவள் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இல்லாத ஒரு அப்பாவைச் சிரிக்க வைத்து, உங்களைக் கலங்க வைக்கப் பார்க்கிறேன். அதனால் முடிவை நான் வெட்டுவது முறையாகாது.

7

சாயங்காலமாகிவிட்டது. மேசையில் போன் அடிக்கிறது, தம்பிதான். அக்கா எடுக்கவில்லை. இரண்டாவது டேக்கில், விளம்பரம் வெட்டப்பட்ட இடத்துக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் ரஷ் இருக்கிறது. அதை ஓடவிடுகிறாள்.

அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். இந்தத் தடவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகன் அடுத்து என்ன சொல்வான் என்று காத்திருக்கிறார். அவன் அநேகமாகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். பிறகு அவரே திரும்பி, நம் எல்லோரையும் பார்த்தபடி கேட்கிறார்.

"கதவச் சாத்தவா, இல்ல தொறந்தே இருக்கட்டுமா?"

பதில் வருவதற்குள் ரஷ் தீர்ந்துவிட்டது. போன் இன்னும் அடிக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.