சிவப்புத் தட்டான் எங்கே?

சதுப்பு நிலத்துக்கு மண் கலரில் உடுத்தி வர வேண்டும், பளிச்சென்று இருந்தால் தட்டான்கள் மிரளும் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சின்னவனும் அதற்கென்றே ஒரு புதுச்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் வராததுமாக, தட்டான் பார்க்கக் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னடா, புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிற?" என்றாள் அக்கா. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புதுச்சட்டைக்குக் கேலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

மனசெல்லாம் திங்கட்கிழமையில் இருந்தது. ரயில் ஓட்டுநர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் முட்டி மோதி மூன்றாம் தடவை தேறியிருந்தான். மிச்சம் கண் பரிசோதனைதான். அவன் கண்ணுக்கு என்ன குறைச்சல்! சேற்றோரம் இறக்கையை மடித்து உட்கார்ந்திருந்த, நூல் கனமே உள்ள நீல ஊசித்தட்டானை முதலில் காட்டியதே அவன்தான்.

"அதோ, கோரையில! எவ்ளோ பெரிய செவப்புத் தட்டான்!" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"எங்க?"

"உன் மூக்குக்கு நேராடா!"

மூக்குக்கு நேராகக் கோரைதான் இருந்தது. கூட வந்த தையல்காரரும் தபால்காரரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்களா?

"சும்மா கதை விடாதீங்க" என்று சிடுசிடுத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. அவன் சட்டையைத் தொட்டாள்.

"இது என்ன கலர்?"

"மண் கலர். நீதானே சொன்னே?"

"செக்கச்செவேல்னு இருக்குடா."

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். தக்காளி வாங்க அனுப்பினால் எப்போதும் காயாகப் பொறுக்கி வருவான். கவனம் கெட்ட பயல் என்று வீடே திட்டும். அதுவும் இதனால்தானா? பச்சையும் சிவப்பும் மற்றவர்களுக்கு அவ்வளவு வேறு வேறா?

"ரோட்டு சிக்னல எப்படிப் பாக்குற?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். எல்லாரும் அப்படித்தானே?"

"ராத்திரியில தூரத்துல ஒரே ஒரு விளக்கு மட்டும் தெரிஞ்சா?"

திங்கட்கிழமைக் கண் பரிசோதனை அவன் நினைவுக்கு வந்தது.

கோரை அசைந்தது. வானத்தில் ஏதோ எழும்பி ஒரு வட்டம் அடித்தது.

"அக்கா, அக்கா! இப்ப தெரியுது!"

தட்டான் திரும்பி வந்து அதே கோரையில் உட்கார்ந்தது.

"ச்சே, போயிடுச்சு" என்றான்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.