தகரம் கேட்காமல் எடுக்காது

தங்கையின் இமைகள்மேல் வைத்திருந்த பஞ்சு காய்ந்துவிட்டது. பூபாலன் அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மறுபடியும் வைத்தபோது, அவள் தலைமாட்டில் கிடந்த செல்போன் குர்ரென்று அதிர்ந்தது.

மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை சுஜாதாவுக்கு. கல்யாணம் வேண்டாமென்று அம்மாவோடு இருந்துவிட்டவள், நாற்பதைக்கூடத் தொடவில்லை. காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு சரிந்தாள். தூக்கிக்கொண்டு ஓடியதும், ஆஸ்பத்திரியில் கையை விரித்ததும், வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்ததும் எல்லாம் ஒரு கனவுபோல நடந்து முடிந்துவிட்டன.

எதிர்வீட்டு நர்ஸ் தமிழ்ச்செல்விதான் மெதுவாகப் பேச்செடுத்தாள். "அண்ணா, ஆறு மணி நேரத்துக்குள்ள சொன்னா கண்ண தானமா எடுத்துக்குவாங்க. ரெண்டு பேருக்குப் பார்வ கெடைக்கும்."

"என்ன ஒண்ணும் கேக்காத. அவன கேளு" என்று சொல்லிவிட்டு, அம்மா ஞானம்பாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனோ, யார் எதைக் கேட்டாலும் தலையாட்டும் நிலையில் இருந்தான். ஐஸ் பெட்டிக்குத் தலையாட்டினான், மேளத்துக்கு ஆட்டினான், இதற்கும் ஆட்டிவிட்டான். தமிழ்ச்செல்வி கண் வங்கிக்குப் போன் போட்டுச் சொன்னாள், கண் காயாமலிருக்க ஃபேனை நிறுத்தினாள், பஞ்சை நனைத்து வைத்தாள். செங்கல்பட்டிலிருந்து ஆள் கிளம்பியாயிற்று.

அதற்கப்புறம்தான் படாளத்திலிருந்து சித்தப்பா காசிநாதன் வந்து இறங்கினார். மாலையைப் போட்டார், அழுதார், விஷயம் தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன்மேல் பாய்ந்தார்.

"இன்னாடா இது? கண்ணு இல்லாமயா அனுப்பப்போற என் பொண்ண? எடுத்துக்கோனு அவ சொன்னாளா உன்கிட்ட?"

சொல்லவில்லைதான். இந்த வயதில் சாகிற பேச்சை எதற்குப் பேசப்போகிறாள்? ஆனால் கேள்வி பூபாலனின் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போதுகூட வேண்டாமென்று சொல்லிவிடலாம், வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். எடுத்துவிட்டால் அப்புறம் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது?

போன் மறுபடியும் அதிர்ந்தது. கம்பெனி ஆட்களாக இருக்கும், தகவல் சொல்லவேண்டுமே என்று எடுத்தான். போனுக்குப் பூட்டுப் போடுகிற வழக்கம் சுஜாதாவுக்குக் கிடையாது.

'அக்கா, தகரத்தோட டர்ன். நேத்துலேந்து வெயிட் பண்ணிகினு கீறோம். எதிரி மேடேறி வந்துட்டான்.'

பூபாலன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். எவன் வண்டி நடுரோட்டில் நின்றிருந்தாலும் இறங்கிப்போய் பானெட்டுக்குள் தலையை விடாமல் அவனால் தாண்டிப் போக முடியாது. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் பார்க்கலாமா என்று வெட்கமாகத்தான் இருந்தது. விரல் கேட்கவில்லை, பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனது.

போன் குழுவில் எழுதி ஆடுகிற விளையாட்டுதான். பிரவின்குமார் என்று ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று முறை வைத்து எழுதுகிறார்கள். ஏதோ ஒரு கிரகம், செம்மண் காடு, ஓயாத சண்டை. எல்லோரும் துப்பாக்கியும் பீரங்கியுமாகத் திரிய, அவன் தங்கை எடுத்துக்கொண்டது போர்க்களத்தில் ரிப்பேர் பார்க்கிற ஒரு ரோபோ. அதற்குத்தான் தகரம் என்று பெயர். ஆறு கால், வயிற்றில் ஒரு டிராயர் நிறைய ஸ்பேர் சாமான், ஒரு கையில் வெல்டிங் முனை. ஆயுதம் கிடையாது. மிக்ஸி நின்றுபோனால் 'ண்ணா, வந்து பாரேன்' என்று போன் போடுகிறவள் ரிப்பேர்காரியாம்! அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பார்த்தவர்கள் அழுகிறான் என்று நினைத்தார்கள். அழவும்தான் செய்தான்.

கடைசிச் செய்தியில், ஹனியா என்ற பெண்ணின் ரோபோ முழங்கால் மூட்டு நொறுங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே இன்னொரு ரோபோ, அடியோடு அணைந்துபோனது, ஆனால் கால் மட்டும் நல்ல கால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுஜா உயிரோடு இருக்கிறாள் என்று யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டுப் போகட்டுமே என்றும் இருந்தது. தட்டிவிட்டான்.

'செத்ததோட கால கழட்டி இதுக்கு மாட்டு.'

பிறகு ஹனியா எழுதினாள்: 'தகரம் எப்பவுமே கேக்காம எடுக்காது.' அதன் கீழேயே இன்னொன்று: 'யாரு இது?'

உடனே போனில் அழைப்பு வந்தது. பிரவின்குமார். பூபாலன் போனோடு பின்பக்கம் குழாயடிக்குப் போனான்.

"சுஜாதாக்கா இல்லீங்களா?"

"நா அவ அண்ணன். பூபாலன். சுஜா காலைல தவறிட்டாப்பா."

மறுமுனையில் அலைச் சத்தத்தோடு அழுகை வெடித்தது. திருவிடந்தையில் கடலோர ஓட்டலில் வேலை என்றும், அக்காவை நேரில் பார்த்ததே இல்லை என்றும் அழுகைக்கு நடுவில் சொன்னான் பையன். பூபாலன் அவனை அழவிட்டான். தனக்கும் அந்த அழுகை வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. கேக்காம எடுக்காதுன்னா இன்னாது? அதான் செத்துப்போச்சே, செத்ததாண்ட இன்னாத்த கேக்கறது?"

"கேக்கும்ணா. காதாண்ட குனிஞ்சி, 'எடுத்துக்கட்டுமா'னு கேக்கும். அப்பால ஒரு டர்ன் சும்மா நிக்கும். குண்டு வந்து வுழுந்துகினு இருக்கும், அப்பவும் நிக்கும்."

"பதில் வருமா?"

"எங்கணா வரும்? டர்ன் வேஸ்ட்டா போவுது, அக்கானு நாங்கல்லாம் கத்துவோம். ஒரு தபா அதனாலயே மொத்தப் பேரும் காலி."

"அதுக்கு இன்னா சொல்லுவா?"

"'நம்ப பொருளா அது, லபக்குனு எடுக்கறதுக்கு? இரு, யோசிக்கட்டும்'னு சொல்லும்ணா அக்கா."

"அப்பால?"

"அப்பால எடுக்கும். எடுத்து மாட்டிவுட்டுட்டு, அடுத்ததுக்குப் போவும்."

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. பூபாலன் உள்ளே வந்தபோது, சின்னப் பெட்டியோடு ஒரு டாக்டர் பெண் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி அவளை அழைத்து வந்தாள்.

"சார், டைம் அதிகமில்ல. எல்லாரும் கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா..." என்றாள் டாக்டர் பெண்.

"இன்னாடா, முடிவு பண்ணிட்டியா?" என்று காசிநாதன் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். தெருவில் மேளக்காரர்கள் தோலை அனலில் காட்டிக்கொண்டிருந்த புகை உள்ளே வந்தது.

"ஒரு நிமிசம்" என்றான் பூபாலன்.

தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டான். காதோரம் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டுக் குனிந்தான்.

"சுஜா, நாந்தான். கண்ண எடுத்துக்கட்டுமா? ரெண்டு பேருக்கு வோணுமாம்."

எழுந்து நின்றான். சும்மா நின்றான். டாக்டர் பெண் ஏதோ சொல்லவந்தாள், தமிழ்ச்செல்வி அவள் கையைப் பிடித்தாள்.

அம்மா சுவர்ப்பக்கமிருந்து மெல்லத் திரும்பினாள்.

"இன்னாடா சொல்றா?"

"இரும்மா. யோசிக்கட்டும்."

டாக்டர் பெண் பெட்டியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள்.