பத்துக்கு எட்டு நன்றி

பக்கத்து நாட்டுச் சாமான்களுக்கெல்லாம் இனி கூடுதல் வரி என்று டி.வி.யில் சொன்ன மறுநாள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ பட்டறை வைத்திருக்கும் பரந்தாமன் லட்டு கொடுத்தார். வாங்கிக்கொள்ள ஒரே ஆள்தான். பன்னிரண்டு வருடமாக அங்கே மெஷின் ஓட்டும் சரசா.

"இனிமே அவன் ஸ்க்ரூ இங்க விக்காதும்மா. எல்லாரும் நம்மகிட்டதான் வரணும்."

"அப்போ ஓவர்டைம் கெடைக்குமாண்ணே? மழைக்கு முன்னாடி ஊட்டுக்கு ஷீட்டு மாத்தணும். ஒழுவிகினே கீது."

"கெடைக்கும், கெடைக்கும்."

"வரிய யாரு கட்றது?"

"அவன்தான். நமக்கு இன்னா?"

லட்டோடு நிறுத்தியிருக்கலாம். காதுகுத்துக்கே நாலு பேனர் வைக்கிற ஊரில், நாட்டுக்கு நல்லது நடந்து ஒன்றுகூட வைக்காவிட்டால் எப்படி? பஸ் ஸ்டாப் எதிரில் பத்துக்கு எட்டு அடியில் வைத்தார். கைகூப்பிச் சிரிக்கும் பரந்தாமன். மேலே, 'வரி போட்ட நல்ல உள்ளங்களுக்கு நன்றி! இனி நம் தொழில் வெற்றிநடை!' பேனர் அடித்த முகமது இஸ்மாயில் வழக்கத்தைவிட அதிகம் கேட்டார்.

"ஃப்ளெக்ஸ் துணி அந்த நாட்டுலேர்ந்துதான் வருது அண்ணாத்தே. வெல ஏத்திட்டானுங்க."

நல்ல காரியத்தில் பேரம் எதற்கு என்று பரந்தாமன் கேட்டதைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கம்பி விலை ஏறியது. ஸ்க்ரூ செய்வதே அந்தக் கம்பியில்தான். கம்பி வியாபாரி இராமகிருஷ்ணன் பொறுமையாகச் சுருளில் கட்டியிருந்த அட்டையைக் காட்டினார். அதே நாட்டின் பெயர். இருபது வருடமாகப் பரந்தாமன் அந்த அட்டையைக் கிழித்துக் காது குடைந்திருக்கிறாரே தவிர, ஒருநாளும் படித்ததில்லை.

சரி, நாமும் ஏற்றுவோம் என்று குக்கர் கம்பெனிக்குப் போனார். அவருடைய ஸ்க்ரூ மொத்தமும் அங்கேதான் போகிறது. கொள்முதல் பார்க்கும் திவ்யா முகப்பேரிலிருந்து தினமும் அந்த பஸ் ஸ்டாப் வழியாகத்தான் வருகிறாள்.

"உங்க பேனர் பார்த்தேன் சார். எங்க எம்.டி.யும் பார்த்தார். வெற்றிநடைன்னு போட்டிருக்கீங்க, விலைல அஞ்சு பர்சன்ட் குறைக்கச் சொன்னார்."

ஒரு மணி நேரம் மன்றாடி, பழைய விலையையாவது காப்பாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

பாரத்தை இராமகிருஷ்ணன் மேல் தள்ள முடியவில்லை, திவ்யா மேலும் தள்ள முடியவில்லை. மிச்சம் இருந்தது சரசா. வாரத்துக்கு ஆறு நாள் வேலை இனி மூன்று நாள். சொல்ல வெட்கமாக இருந்ததால் மெஷின் சத்தத்துக்கு நடுவில் சொன்னார். சரசா மெஷினை நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார்.

அவள் சண்டை போடவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அந்த பேனர நான் எடுத்துக்கட்டுமாண்ணே? ஷீட்டு இனிமே எங்க மாத்தறது? கூரை மேல போத்திக்கறேன்."

மனசு கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் சரசா வீட்டுக்கு அவரே பேனரோடு போனார். ஏணி போட்டு ஏறினார். உடைந்த ஷீட்டை எடுத்துப் போட்டதும் கூரையில் கட்டில் அகலத்துக்கு ஓட்டை. உள்ளேயிருந்து சரசா அண்ணாந்து பார்த்தாள்.

"என் மூஞ்சி மேல் பக்கம் இருக்கட்டும்மா. நனையட்டும்."

"வேணாண்ணே, உள்பக்கமே இருக்கட்டும். வரிய யாரு கட்றதுன்னு பசங்க கேட்டா காட்டணும்."

பரந்தாமன் பேனரைத் திருப்பிப் போட்டுக் கயிற்றை இறுக்கினார். கீழே, சரசாவும் பிள்ளைகளும் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே, அவர் கைகூப்பிச் சிரித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.