இடுப்பளவுக் கடல்

ஆறு பேர் நிற்கிறார்கள், நான்கு பக்கமும் கரை தெரியாத கடலின் நடுவே, இடுப்பளவு நீரில், சந்தியில் பஸ்சுக்குக் காத்திருப்பவர்களைப் போல, ஒருவன் சேட்டைக் கழற்றித் தலையில் கட்டியிருக்கிறான், ஒருவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான், நடுவில் நிற்பது என் அண்ணன் பேதுருப்பிள்ளை, என்னைப் பார்த்துக் கையை உயர்த்தியிருக்கிறார், அது இருபத்துமூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு ஐப்பசிக் காலை, இப்போதோ அதே கருங்கடலில் புரட்டாதி வெயில், வசீலே தன் சுற்றுலாப் படகின் எஞ்சினைத் தணித்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான், அண்ணி மெற்றில்டா என் பக்கம் திரும்பி என்னவாம் தம்பி என்கிறார், நான் மொழிபெயர்க்கிறேன், நிலம் சுற்றிவர அடைத்து வைத்திருக்கிற கடலாம் அண்ணி, வெளியே போக ஒரேயொரு வாசல்தானாம், இஸ்தான்புல்லில், அந்த இடத்தில் இந்தக் கரை வீட்டிலிருந்து பார்த்தால் அக்கரை வீட்டுக் கொடியில் காய்கிற துணியின் நிறம் தெரியுமாம். பழைய கிரேக்கர் இதற்கு முதலில் விருந்தினரை ஏற்காத கடல் என்று பேர் வைத்தார்களாம், பிறகு அது கோபித்துக்கொள்ளும் என்று பயந்து விருந்தோம்பும் கடல் என்று மாற்றினார்களாம். அண்ணி சிரிக்கவில்லை. பேரை மாத்தினாப்போல குணம் மாறுமோ, என்கிறார். பிரான்சில் மகள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே சுவிசுக்கு எனக்குப் போன் எடுத்து, எனக்கு ஈபிள் கோபுரம் வேண்டாம் தம்பி, அந்தக் கடலை ஒருக்காக் காட்டுங்கோ, என்று கேட்டவர் அவர்.

நான் இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பித்தவன், கரும்பலகையில் கருங்கடலை ஒரு அவரை விதை போல வரைந்து, வற்றுப்பெருக்கு அநேகமாக இல்லை, உப்புக் குறைவு, டான்யூப் ஆறு வடமேற்கில் வந்து சேற்றைக் கொட்டுகிறது என்று சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பின்னொரு நாள் துருக்கிக் கரையில் பத்தொன்பது பேர் கள்ளப் படகுக்குக் காத்திருந்தபோது அதையே எங்கள் மீன்பிடி ஊரான குருநகர்ப் பெடியளுக்கும் சொன்னேன், அண்ணன் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பே காணாதடா, வற்றுப்பெருக்கும் இல்லையெண்டு மாஸ்டர் சொல்லுறான், இதென்ன கடல், எங்கட பரவைக்கடலுக்கு இங்கிலீசுப் பேர் வச்சிருக்கிறாங்கள், என்றார், எல்லோரும் சிரித்தோம், நானும். எங்கள் பரவைக்கடல் ஆழமில்லாதது, அதில் தாழ்ந்து சாவது கடினம், அங்கே படகு தரை தட்டினால் யாரும் யாரையும் கேட்பதில்லை, ஆம்பிளையாய்ப் பிறந்தவன் எல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதிப்பான், தோளைக் கொடுத்துத் தள்ளுவான், படகு மிதந்ததும் தொற்றி ஏறுவான், குதிக்காமல் இருப்பவனை அன்று முழுக்கப் பொம்பிளை என்று பகிடி பண்ணுவார்கள், அது பழக்கம், பழக்கம் யோசிக்காது. மூன்றாம் நாள் காலை டான்யூப் முகத்துவாரத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், படகின் அடி மணலில் தட்டி நின்றபோதும் அப்படித்தான், குர்துக்காரர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், ஆப்கானிஸ்தான்காரர்கள் கண்ணை மூடி முணுமுணுத்தார்கள், படகோட்டி யாரையும் இறங்கச் சொல்லவில்லை, சத்தியமாக அவன் சொல்லவில்லை, எங்கள் ஆறு பேரும் தாங்களாகவே குதித்தார்கள். நான் எழும்பப் பார்த்தேன், மாஸ்டருக்குச் சப்பாத்து நனைஞ்சிடும், அவர் இருக்கட்டும், என்றான் தண்ணீரில் நின்ற சின்னராசன், அண்ணனும், நீ இரடா, அவங்கட பாசை தெரிஞ்ச ஒருத்தன் மேல வேணும், என்றார், நான் இருந்துவிட்டேன். ஒண்டு, ரெண்டு, தள்ளு. கரும்பச்சை நீர் அவர்களின் இடுப்பைச் சுற்றிச் சுழிக்கிறது, அண்ணனின் கழுத்து நரம்பு புடைக்கிறது, படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல மணலை விட்டு எழும்புகிறது, எல்லோரும் கூவுகிறார்கள், எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, படகு இலேசாக, என்ன இலேசாக, ஓடத் தொடங்குகிறது.

படகோட்டிக்கு வெயிலில் தோலுரிந்த மூக்கு, அவன் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான், இங்கே நிறுத்தினால் திரும்பவும் தட்டும், ஆழத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிறேன், அவர்களுக்குச் சொல். நான் பின்பக்கம் போய், கையை வாயில் குவித்து, சுத்திக்கொண்டு வாறாராம், அப்பிடியே நில்லுங்கோ, என்று கத்தினேன். நல்ல தமிழில், வகுப்பில் கத்துகிற குரலில். நிக்கிறம் நிக்கிறம், தேத்தண்ணி போட்டு வையுங்கோ மாஸ்டர், என்று சின்னராசன் திருப்பிக் கத்தினான். பிறகு படகு சுற்றவில்லை. எப்போது திரும்புவாய் என்று கேட்டேன், அவன் படகின் பக்கத்துப் பலகையைக் காட்டினான், தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது, இதுதான் கரை சேருகிற பாரம், உன்னையும் இறக்கிவிடட்டுமா என்றான், கோபமில்லாமல், பஸ் கொண்டக்டர் கேட்பதுபோல. நான் இல்லை என்றேன். ஒரு சொல்தான். ஆறு தலைகள் ஆறு போத்தல் மூடிகளாகச் சிறுத்தன, நான் திரும்பி முன்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அண்ணிக்கு எழுதிய கடிதத்தில் காற்றென்று எழுதினேன், படகு கவிழ்ந்தது, அண்ணனை ஆழம் கொண்டுபோனது, நான் ஒரு பலகையைப் பிடித்துத் தப்பினேன், அந்தக் கடிதம் மாதா கோவிலில் பூசைக்கு முன்னால் வாசிக்கப்பட்டதாம், பலர் அழுதார்களாம், நான் எழுத்தில் கெட்டிக்காரன். நாணற்காட்டில் நாலு உடல்கள் ஒதுங்கின என்று பல வருடங்கள் கழித்து அறிந்தேன், ஆறில் நாலு, பேரில்லாமல் புதைத்திருக்கிறார்கள், அண்ணன் அந்த நாலில் ஒருவரா மிச்ச இருவரில் ஒருவரா என்று சொல்ல யாருமில்லை, இதையும் நான் அண்ணிக்கு எழுதவில்லை. இப்போது வசீலே ஒரு படப் புத்தகத்தைப் பிரித்து அண்ணியின் மடியில் வைக்கிறான், இந்தக் கடலில் இருநூறு மீற்றருக்குக் கீழே உயிர்க்காற்றே இல்லை, புழு பூச்சி இல்லை, எதுவும் உக்காது, பார் அம்மா, இரண்டாயிரம் வருடத்துக் கப்பல், பாய்மரம் நிற்கிறது, சுற்றி வைத்த கயிறுகூடச் சுற்றியபடி இருக்கிறது என்கிறான், சுற்றுலாக்காரர்கள் வாயைப் பிளக்கிற இடம் இது, நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்கிறேன், அண்ணி அந்தக் கயிற்றை விரலால் தடவுகிறார், முகத்தில் நான் கண்டிராத ஒரு வெளிச்சம் வருகிறது, அப்ப அவரும் அப்பிடியே இருப்பார் என்ன தம்பி, அந்த நீலச் சேட்டோட.

ஓம் என்றிருக்கலாம். ஓம் என்பதைத் தவிர அந்த முகத்துக்குக் கொடுக்கத் தகுதியானது வேறொன்றுமில்லை. ஆனால் இருபது வருடம் சமையலறைகளில் கோப்பை கழுவியும் போகாத வாத்திப் புத்தி ஒன்று என் நாக்கில் குந்திக்கொண்டிருந்தது, பிழையான விடையைத் திருத்தாமல் அதற்கு இருக்க முடியாது, இல்லை அண்ணி, அது நடுக்கடல் ஆழத்திலதான், இங்க அப்பிடியில்லை, இங்க எல்லாம் உக்கிப்போகும், இங்க இடுப்பளவு தண்ணிதான், என்றேன்.

அண்ணி புத்தகத்தை மூடினார். இடுப்பளவுத் தண்ணியில அவர் எப்பிடித் தாண்டு செத்தவர்?

படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. குருநகரில் பிறந்த மனிசன், நீந்தத் தெரிஞ்ச மனிசன், இடுப்பளவுத் தண்ணியில எப்பிடித் தம்பி தாண்டவர்? நான் சொன்னேன், குதித்ததிலிருந்து முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தது வரை, வசீலே எங்கள் பாசை விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணி அழவில்லை, ஏசவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டார், அவர் உங்களை நம்பிக்கொண்டே நிண்டவர்? ஓம் அண்ணி, நம்பித்தான் நிண்டிருப்பார், நான் திரும்பினது அவருக்குத் தெரிஞ்சிருக்காது, அவ்வளவு தூரத்தில முகம் எங்க தெரியப்போகுது, என்றேன், இந்த ஒன்றை நான் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை, இதை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் நித்திரை கொண்டேன்.

இறங்குங்கோ, என்றார் அண்ணி தண்ணீரைக் காட்டி.

வசீலேக்கு அது மட்டும் மொழிபெயர்க்காமலே விளங்கியது, அவனுடைய தொழிலில் அது பேர்போன காட்சி, கடலின் நடுவே மணல்திட்டில் ஆளை இறக்கிப் படம் எடுப்பது, தண்ணீர்மேல் நடக்கிறவர் போல விழும் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறான், ஆறு ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு திட்டைத் தருகிறது என்று நீண்ட கழியால் குத்திப் பார்த்து, ஒரு அலுமினிய ஏணியை மாட்டினான். நான் சப்பாத்தைக் கழற்றினேன். தண்ணீர் குளிர்ந்தது, முழங்கால், தொடை, இடுப்பு, அத்தோடு நின்றது, மணல் விரல்களுக்கிடையில் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, நின்ற இடத்தில் நிற்கவே கால் மாற்ற வேண்டியிருந்தது, இதை அவர்கள் எத்தனை மணி நேரம் செய்தார்கள். அண்ணி வசீலேக்குக் கையால் சைகை காட்டினார், இன்னும் தள்ளி, இன்னும், அவன் முழுக் காட்சியும் விழட்டும் என்று சந்தோசமாகப் படகைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனான், படகு கைக்கடக்கமாகச் சிறுத்தது, கரை எங்குமில்லை, நான் பார்த்தேன், எனக்கு இப்போது அறுபத்தொரு வயது, கண்ணில் படலம் விழத் தொடங்கிவிட்டதென்று டொக்டர் சொல்லியிருக்கிறார், ஆனாலும் தெரிந்தது, தண்ணீருக்குமேல் தடுக்க ஒன்றுமில்லை, அண்ணியின் கண்ணாடி தெரிந்தது, இறுக மூடிய வாய் தெரிந்தது, அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது, பிறகு அவர் திரும்பி முன்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது அதுவும், வெள்ளைக் கொண்டையும் அதைப் பிடித்திருந்த கறுப்புக் கிளிப்பும், துல்லியமாகத் தெரிந்தன.

என் கை உயர்ந்திருந்தது, எப்போது உயர்த்தினேனென்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்துப் படகு வந்தது, வசீலே ஏணியைக் கையில் வைத்திருந்தான், அண்ணி அவனது தோளைத் தொட்டு நிறுத்தி, விளிம்பில் குனிந்து, முகம் தெரிஞ்சதோ தம்பி, என்று கேட்டார். ஓம் அண்ணி, எல்லாம் தெரிஞ்சது, என்றேன்.

அப்ப இன்னும் கொஞ்சநேரம் நில்லுங்கோ, என்றார்.