விரால் தடவிய கால்

தங்கபாண்டியின் குதிகாலில் வேலிக்கருவை முள் ஏறியது மாசிக் கடைசியில். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. தவறாமல் வந்து கட்டு மாற்றிக்கொண்டால் கால் பிழைக்கும் என்று நரிக்குடி டாக்டர் சொன்னார். அதை மனிதர் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அவர் காதில் வாங்கியதெல்லாம் மகள் பிருந்தா சொன்னதைத்தான். அருப்புக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறாள். விரால் மீனின் தோலில் இருக்கும் வழவழப்பு கிருமியைக் கொல்லுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. கண்மாய் வற்றி ஊரே இறங்கி மீன் பிடித்த அன்று, தங்கபாண்டி புண்காலோடு கரையில் உட்கார்ந்து, "எம்மக படிப்புக்குப்பா, உசுரோட குடுங்க" என்று குடத்தை நீட்டி விரால் வாங்கினார். பாதியை அவள் கொண்டுபோனாள். மீதி வீட்டுத் தொட்டியில் கிடந்தது.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பிருந்தா போனில் ஒரு படம் காட்டினாள். வட்டத் தட்டு நிறையக் கிருமி. நடுவே வழவழப்பு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம்.

"இதுக்குள்ள ஒரு கிருமிகூட உசுரோட இல்லப்பா."

"நம்ம கம்மா விராலா தாயி?"

"நம்ம கம்மா விரால்தான்."

அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சுரண்டியதை வடிகட்டிச் சுத்தம் செய்த பிறகே தட்டில் வைத்தாள் என்பதையும், உயிர்மீனின் மேல் கண்மாய்ச் சேற்றின் கிருமியும் சேர்ந்தே இருக்கும் என்பதையும் அவள் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். படித்த லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாளே தங்கபாண்டி நரிக்குடிக்குப் போவதை நிறுத்தினார். தினம் காலையில் கட்டை அவிழ்த்து, விராலைப் பிடித்துப் புண்ணில் தேய்த்துவிட்டு மீனைத் திரும்பத் தொட்டியில் விடுவார். மனைவி ரேணுகாதேவி சத்தம் போட்டாள்.

"எம்மக கண்டுபிடிச்சத நானே நம்பலேன்னா ஊர்ல எவன் நம்புவான்? ஆறுன பெறவு அவகிட்டக் காட்டணும். அதுவரைக்கும் மூச்சு விடாத" என்றார். மகள் பேரில் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்தது. ஊறி அழுகப்போகும் தோல் அப்படித்தான் வெளுக்கும். அவருக்கு அது போனில் பார்த்த வட்டம். டீக்கடை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து, "பாத்தீகளா, கிருமி ஒதுங்குது" என்று காட்டினார். படித்த பிள்ளையின் தகப்பனிடம் யார் மறுத்துப் பேசுவார்கள்? எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்ததும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அப்படியும் காய்ச்சல் விடவில்லை. மேலே பரவினால் தொடையோடு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

பிருந்தா கட்டிலருகே நின்றாள். அப்பா கண்ணைத் திறந்து, அருகில் வரச் சொல்லி, ரகசியம்போலச் சொன்னார்.

"விராலத்தான் தேச்சேன் தாயி. புண்ணுல என்ன போட்டன்னு டாக்டரு கேட்டாக. பச்சிலன்னு சொல்லிட்டேன். ஒம் மருந்துக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்ல? மருந்து சரிதான். நாந்தான் பத்தாமத் தேச்சுட்டேன்."

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மறித்தாள்.

"பச்சில இல்ல சார். கண்மாய் விரால அப்பிடியே எடுத்துத் தேச்சிருக்காரு. அது மருந்தில்ல. நான் ஒழுங்காச் சொல்லித் தராததுதான் தப்பு."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீர்க் கிருமிக்கு வேறு மருந்து எழுதினார். "வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு போயிருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

காலை எடுத்தபோதுகூட அழாத தங்கபாண்டி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

"மருந்தில்லன்னு நீயே சொல்லிப்புட்டியே தாயி."